விடியற்காலை ஹவுஸ் செட்டைத் திட்டமிட்டு இசைப்பது எப்படி

ஹவுஸ் என்ற நடன இசைவகை இரவுக்கே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது பிறந்த இடத்திலேயே காலைப்பொழுதும் அதற்குள் இருந்தது. 1977-இல் சிகாகோவில் தொடங்கிய வேர்ஹவுஸ் என்ற நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் சனிக்கிழமை இரவு தொடங்கிய இசை ஞாயிற்றுக்கிழமை பகல் வரை நீண்டது. 1980-களின் நடுவில், இபிசா தீவின் அம்னீசியா நடனக்கூடம் கூரையில்லாத முற்றமாக இருந்த காலத்தில், அர்ஜென்டினாவிலிருந்து அங்கு குடியேறிய ஆல்ஃபிரெடோ ஃபியோரிட்டோ வானம் வெளுத்த பின்னும் ஆடுவோரைக் கலையவிடாமல் வைத்திருந்தார். இன்று இந்த வகைச் செட்டுக்கு, அதாவது டிஜே ஒருவர் பாடல்களை இடைவிடாமல் கலந்து இசைக்கும் நிகழ்ச்சிக்கு, பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள பிளாக் ராக் பாலைவனம். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்தில் முடியும் பர்னிங் மேன் விழாவின்போது, ஒலிபெருக்கிகளைச் சுமந்த வண்டிகள் பின்னிரவில் சமவெளியின் ஆழத்துக்குச் சென்று நிற்க, ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டிகளில் அவற்றைத் தேடிச் சென்று கிழக்கு வெளுக்கும்வரை ஆடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்தப் பாலைவன விடியலை மாதிரியாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய செட்டைப் புதிதாக ஏற்பவர் பெரும்பாலும் சூரியன் தலைகாட்டும் நொடியைத் தன் உச்சக்கட்டமாக வைத்துக்கொண்டு, அதற்கேற்ற பெரிய பாடலைத் தேடத் தொடங்குவார். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. அந்த நொடியில் மக்கள் ஏற்கெனவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் உதவி அவர்களுக்குத் தேவைப்படாது. உங்கள் உதவி தேவைப்படுவது அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான்.

வானத்தின் நேரத்தை முதலில் அறிதல்

பாடல்களைத் தொடுவதற்கு முன், நீங்கள் இசைக்கப்போகும் இடத்துக்கும் நாளுக்கும் உரிய உதய நேரத்தையும் மூன்று மங்கல் ஒளிக் கட்டங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது இருளில் முதல் தளர்வு ஏற்படுகிறது. 12 பாகையில் தொடுவானக் கோடு புலப்படத் தொடங்குகிறது. 6 பாகையில், விளக்கில்லாமலே எதிரில் நிற்பவரின் முகம் தெரிகிறது. பிளாக் ராக் பாலைவனத்தில் ஆகஸ்ட் இறுதியில் இந்த மூன்றும் ஏறத்தாழ 4:45, 5:20, 5:55 மணிக்கு நிகழ, உதயம் 6:25-ஐ ஒட்டி வருகிறது. ஆகவே 5 மணியிலிருந்து 8 மணிவரை உங்களுக்கு இடம் தரப்பட்டிருந்தால், சூரியன் வருவதற்கு முன் உங்கள் கையில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதில் கடைசி அரை மணி நேரம், அதாவது முகங்கள் தெரியத் தொடங்கியதிலிருந்து சூரியன் எழும்வரை உள்ள இடைவெளி, முழுச் செட்டிலும் விலைமதிப்புள்ள பகுதி. நம் முன்னோர் வைகறை என்று ஒரு சிறுபொழுதையே தனியாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்தது எதற்காக என்பது, அந்த அரை மணி நேரத்தை வெட்டவெளியில் நின்று பார்த்தவருக்குப் புரியும்.

பஞ்சாங்கமோ கைபேசிச் செயலியோ தரும் உதய நேரம் தடையற்ற தொடுவானத்துக்கு உரியது. கிழக்கே மலை இருந்தால் சூரியன் தாமதமாகவே தென்படும். நான் ஒருமுறை இதைக் கணக்கில் கொள்ளாமல், செயலி காட்டிய நிமிடத்தில் நீண்ட குரலிசை கொண்ட ஒரு பாடலைத் திறந்துவிட்டேன். பாடல் முடிந்து அடுத்தது பாதிவரை ஓடிய பிறகே குன்றின் விளிம்பில் ஒளி எட்டிப் பார்த்தது. அதற்குள் கூட்டத்தின் ஆரவாரம் அடங்கிப்போயிருந்தது. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. முந்தைய நாளே அந்த இடத்துக்குச் சென்று, கையை நேராக நீட்டி, விரல்களைக் கிடையாக வைத்து, தொடுவானத்துக்கு மேல் மலை எத்தனை விரல் உயரம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விரல் ஏறத்தாழ 2 பாகை. நெவாடாவின் அட்சரேகையில் சூரியன் ஒரு பாகை ஏற ஐந்தரை நிமிடம் ஆவதால், ஒரு விரலுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதம் என்று கொள்ளலாம். அந்த நாள்களில் அங்கே சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை. 12 பாகை வடக்கே தள்ளி எழுகிறது. ஆகவே திசைகாட்டியை வைத்துச் சரியான மலைமுகட்டை அளக்க வேண்டும்.

உங்கள் கருவிகள் இருக்கும் மேசை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவுசெய்யுங்கள். நீங்கள் கிழக்கைப் பார்த்து நின்றால் உதயத்தை நன்றாகக் காண்பீர்கள். ஆனால் ஆடுவோர் உங்களைப் பார்ப்பதால் அவர்களுக்கு அது முதுகுப்பக்கம் போய்விடும். நீங்கள் மேற்கைப் பார்த்து நின்றால், சூரியன் உங்கள் தலைக்குப் பின்னாலிருந்து எழ, அவர்கள் அதை நேருக்கு நேர் காண்பார்கள். உங்களுக்குத் தெரிவது அவர்கள் முகங்களில் ஏறும் நிறம் மட்டுமே. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். எந்தப் பாடலை எப்போது மாற்றுவது என்பதற்கு அந்த முகங்களைவிட நல்ல கடிகாரம் கிடையாது. இதில் ஒரு சிக்கல் உண்டு: தாழ்ந்த வெயில் பின்னாலிருந்து நேராக உங்கள் திரைகளில் விழும். சிடிஜே (பாடல்களை ஓட்டும் டிஜே கருவி) திரையின் வெளிச்சத்தை முழு அளவுக்கு உயர்த்துவதோடு, பாடல்களின் வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டி வைப்பது நல்லது. மடிக்கணினியை நம்பி இசைப்பவர் அதற்கு மறைப்பு கட்டாமல் போகவே கூடாது.

பாடல்களைத் தேர்ந்து அடுக்குதல்

மூன்று மணி நேரச் செட்டில், ஏழு நிமிடப் பாடல்களை ஒன்றரை நிமிடம் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டுக் கலந்தால் ஏறத்தாழ 33 பாடல்கள் செலவாகும். அதைப்போல் இரு மடங்கு கொண்டுசெல்லுங்கள். மூன்று மடங்கு வேண்டாம், ஏனெனில் உறக்கமில்லாத தலையுடன் 100 பாடல்களில் தேடுவது உங்கள் கவனத்தையே தின்றுவிடும். அவற்றை வகைப்பெயர் வாரியாகப் பிரிக்காமல் ஒளி வாரியாகப் பிரித்துக் கோப்புறைகளில் இடுவது என் வழக்கம்: இருள், வெளுப்பு, பொன், வெயில் என நான்கு. டீப் ஹவுஸ், ஆஃப்ரோ ஹவுஸ், மெலோடிக் ஹவுஸ் என்ற பெயர்கள் கடைக்குத்தான் உதவும். வானம் சாம்பல் நிறமாக மாறும்போது எந்தக் கோப்புறையைத் திறப்பது என்பதை அவை சொல்வதில்லை.

இருள் கோப்புறையில் இருப்பவை தாளம் முன்னிற்பவை: உருண்டு செல்லும் பாஸ் (ஆழ்ந்த கீழ் ஒலி), குறைந்த குரல், சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வரும் ஒலிச்சுற்று. பொன் கோப்புறையில் பியானோவும் நரம்பிசையும் மனிதக் குரலும் வரலாம். வெயில் என்பது பகல் விருந்துக்குரிய, கைகொட்டி ஆடத்தக்க, பழைய டிஸ்கோவின் சாயல் கொண்ட பாடல்கள்.

வெளுப்புக் கோப்புறைதான் கடினம். இதற்குள் போகும் பாடல்கள் எதையும் அறிவிக்கக் கூடாது. கிக் (தாளத்தின் அடிமுழக்கம்) மென்மையாக இருக்க வேண்டும்; ஹை-ஹாட் (தாளத்தின் கூரிய உலோக ஒலி) காதைக் குத்தக் கூடாது; நீண்ட, அகன்ற பின்னணி ஒலிகள் மெதுவாகத் திறந்துகொண்டே போக வேண்டும்; ஆனால் தாளம் நின்றுபோகும் பெரிய பிரேக்டவுனும் அதைத் தொடர்ந்து தாளம் இடிபோல் திரும்ப விழும் டிராப்பும் இருக்கக் கூடாது. காரணம் உடலிலேயே இருக்கிறது. மனித உடலின் வெப்பநிலை ஒரு நாளில் மிகக் குறைவது அதிகாலை நான்கு, ஐந்து மணி அளவில். பாலைவனத்தின் குளிரும் அதனுடன் சேர, ஆடிக்கொண்டிருப்பவர்கள் போர்வைக்குள் சுருங்கத் தொடங்கும் நேரம் அது. அப்போது ஓங்கி அடித்து அவர்களை எழுப்ப முயன்றால் ஐந்து நிமிடம் எழுவார்கள், பிறகு கூடாரத்துக்குப் போய்விடுவார்கள். நிற்கும் இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கத் தூண்டும் இசையே அவர்களை உதயம்வரை கொண்டுசேர்க்கும். நம் மரபில் பூபாளமும் பள்ளியெழுச்சியும் உறங்கியவரைத் துயிலெழுப்பும் இசை. இங்கே கேட்பவர்களோ உறங்கவே இல்லாதவர்கள் என்பதை மறவாதிருந்தால் பாதித் தேர்வு தானாகவே சரியாகிவிடும்.

வேகத்தைப் பற்றி: உங்களுக்கு முன் இசைத்தவர் 124 அல்லது 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை தட்டுகள் என்ற அளவு) விட்டுச்செல்வார். உதயத்தின்போது 118 முதல் 120 வரை இருப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இந்த இறக்கத்தை ஒரே பாடலில் செய்தால் காலடி தடுமாறும். ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 16 பாடல்கள் கடக்கும் என்பதால், பாடலுக்கு அரை பிபிஎம்முக்கும் குறைவாகக் குறைத்துக்கொண்டே வந்தால் எவருக்கும் தெரியாமலே இலக்கை அடையலாம். கலக்கும்போது குறைக்காமல், ஒரு பாடல் தனியாக ஓடும் நடுப்பகுதியில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை மயிரிழை மயிரிழையாக இழுங்கள். வைனல் இசைத்தட்டில் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். 6 விழுக்காடு ஏறத்தாழ ஓர் அரைச்சுருதிக்குச் சமம். டிஜிட்டல் கருவிகளில் சுருதியைப் பூட்டும் வசதி இருப்பதால் இந்தக் கவலை இல்லை, எனினும் பூட்டிய நிலையில் வேகத்தை மிகவும் மாற்றினால் குரல்களில் ஒரு நடுக்கம் புகுந்துவிடும். உதயம் முடிந்த பிறகு மெல்ல 122 வரை ஏறலாம். வெயில் உடலைச் சூடாக்கும்போது கால்கள் அதைக் கேட்கும்.

சுருதி மாற்றம் இந்தச் செட்டில் மற்றெந்தச் செட்டையும்விட அதிகமாக வேலை செய்கிறது. சுருதிகளை எண்களால் காட்ட டிஜேக்கள் பயன்படுத்தும் கேமலாட் சக்கரத்தில் 1 முதல் 12 வரையுள்ள எண்களுடன் ஏ என்பது மைனரையும் பி என்பது மேஜரையும் குறிக்கிறது. 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர். இரண்டும் அதே ஏழு சுரங்களைப் பகிர்ந்துகொள்பவை. இருளின் நேரம் முழுவதும் ஏ வரிசையிலேயே அண்டை எண்களுக்கு நகர்ந்துகொண்டிருந்து, சூரியன் எழும் கட்டத்தில் எண்ணை மாற்றாமல் ஏ-யிலிருந்து பி-க்கு ஒரே ஒரு முறை தாண்டுங்கள். சுரங்கள் மாறாமலே ஆதாரம் மட்டும் இடம்பெயர்வதால், ஒரு சன்னல் திறந்ததுபோல் கேட்கும். இதை அரை மணிக்கு ஒருமுறை செய்தால் அதன் மதிப்பு போய்விடும். விடியல் என்றாலே தித்திப்பான மேஜர் பாடல்களை வரிசையாக அடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது எனக்கு உவப்பானதன்று, திருமண வீட்டில் இனிப்பை மட்டுமே பரிமாறியதுபோல் இருக்கும்.

உதய நொடிக்கான பாடல் எதுவாக இருக்க வேண்டும்? நான் அறிந்தவரை, எளியதாக. எட்டு நிமிடத்துக்குக் குறையாத, தொடக்கத்திலும் இறுதியிலும் நீண்ட வெற்றுத் தாளம் கொண்ட, நடுவில் ஒரே ஓர் இனிய எண்ணம் மட்டும் உள்ள பாடல். நீண்டதாக இருப்பது முக்கியம்: மேகமோ மலையோ சூரியனைத் தாமதப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்பட வேண்டியிராது. 120 பிபிஎம்மில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு தாளச் சுற்று 2 நொடி. 32 சுற்றுகள் ஒரு நிமிடமும் 4 நொடியும். ஆகவே 32 சுற்றுத் தொடக்கம் கொண்ட பாடலை, சூரியனின் விளிம்பு தெரியும் எனக் கணித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன் உள்ளே கொண்டுவந்து, சூரியன் வராவிட்டால் அதே தொடக்கத்தை லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீட்டிக்கொள்ளலாம். பாலைவனத்தில் புழுதிப்புயல் எழுந்து எதிரில் இருப்பவரே தெரியாமல் போவதும் உண்டு. அன்று சூரியன் தெரியவே தெரியாது. ஆனாலும் புழுதி முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிரும் என்பதால், பொன் கோப்புறையைத் தவிர்த்து வெளுப்பிலேயே இன்னும் கால் மணி நேரம் தங்கிவிடுவது சரியாக இருக்கும்.

மேசையில் நிற்கும்போது

முந்தைய நாள் மாலையே உறங்கிவிட்டு, நள்ளிரவுக்குப் பின் எழுந்து, உங்கள் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது இடத்துக்கு வந்துவிடுங்கள். வந்ததும் மேசைக்குப் போகாமல் கூட்டத்துக்குள் அரை மணி நேரம் நில்லுங்கள். முன்னவர் எதைப் போட்டார், எங்கே மக்கள் சோர்ந்தார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும். காதடைப்பான் அணிந்திருங்கள்; உங்கள் காது மட்டுமாவது புதிதாக இருக்க வேண்டும். இரவு முழுதும் உரத்த ஒலியில் நின்றவர்களின் செவி தற்காலிகமாக மந்தமடைந்திருக்கும் என்பதால், மேசையில் இருப்பவர் தம்மை அறியாமலே ஒலியையும் கூரிய ஒலிகளையும் ஏற்றிக்கொண்டே போயிருப்பார். நீங்கள் பொறுப்பேற்ற முதல் பத்து நிமிடத்தில் ஈக்யூவின் (ஒலிப்பட்டைகளைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களின்) மேல் பட்டையைச் சற்றே தணித்து, மொத்த ஒலியையும் மெல்லக் குறையுங்கள். கூட்டம் ஒரு நிமிடம் தயங்கும், பிறகு நெருங்கி வரும்.

ஒலியைக் குறைக்க இன்னொரு காரணம் காற்றில் இருக்கிறது. தெளிந்த, காற்றசையாத இரவின் இறுதியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே செல்லும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. உங்கள் பாஸ் நீங்கள் எண்ணாத தொலைவிலுள்ள கூடாரத்தில் உறங்குபவரை எழுப்பும். வெயில் தரையைச் சூடாக்கிய பிறகு இது தலைகீழாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறுகிறது. அதே அளவு ஒலி இப்போது மெலிந்து கேட்கும். ஆகவே உதயத்துக்கு முன் அடக்கமும், உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துச் சிறு ஏற்றமும் இயற்கையே கேட்பவை.

கலப்பு நீளமாக இருக்கட்டும். இரு பாடல்களின் பாஸ் ஒருசேர ஒலிக்காமல், புதியதன் கீழ்ப் பட்டையை முழுதும் இறக்கி வைத்துக்கொண்டு, அதன் மேற்பகுதியை மட்டும் ஒரு நிமிடத்துக்குமேல் பழையதன்மீது மிதக்கவிட்டு, ஒரு சுற்றின் தொடக்கத்தில் பாஸை இடம்மாற்றுவதே அடிப்படை முறை. நள்ளிரவில் அந்த மாற்றத்தை வெட்டென்று செய்தால் உற்சாகம். விடியலில் எட்டுச் சுற்றுகளுக்குப் பரப்பிச் செய்தால் நிம்மதி. எக்கோ, ஃபில்டர் போன்ற விளைவுப் பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். மைக்கையும் தொடாதீர்கள், உதயத்தின்போது கூட்டத்தை நோக்கிக் கத்தும் டிஜேயை யாரும் நன்றியுடன் நினைத்ததில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: பாடல்களை ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளிலிருந்து இரண்டு பென் டிரைவ்களில் ஒரே மாதிரி ஏற்றிக்கொள்ளுங்கள். பிளாக் ராக் தரையின் மாவு போன்ற காரப் புழுதி ஃபேடர் இடுக்குகளில் புகுந்துவிடும். பயன்பாட்டில் இல்லாத கருவியை மூடியே வைத்து, மெல்லிய தூரிகை ஒன்றை அருகில் வையுங்கள். கடற்கரையில் இசைப்பவருக்குப் புழுதிக்குப் பதிலாகப் பனி. ஈரம் படிந்த வைனலில் ஊசி வழுக்கும், ஆகவே உலர்ந்த துணி தேவை. குளிருக்கு விரல்நுனி வெட்டிய கையுறையும், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும், குடிக்கத் தண்ணீரும் சூடான தேநீரும் உங்கள் பையில் இருக்கட்டும்.

இதையே நம் ஊரில் செய்ய விரும்புவோருக்கு இரண்டு மாற்றங்கள் உண்டு. கோவாவின் கடற்கரைகள் மேற்கு நோக்கியவை. அங்கே சூரியன் நிலத்தின் பின்னிருந்து, தென்னைகளுக்கு மேலாகத் தாமதமாகவே தெரியும். கடலிலிருந்து எழும் சூரியன் வேண்டுமானால் சோழமண்டலக் கரைக்குத்தான் வர வேண்டும். சென்னையில் வைகறையின் அந்த விலைமதிப்புள்ள பகுதி 22 நிமிடம் மட்டுமே. சூரியன் அங்கே செங்குத்தாக ஏறுவதால் வெளுப்புக் கோப்புறைக்கு நான்கு பாடல் போதும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. ஜூன் மாதத்தில் சென்னையில் 5:45-க்கு முன்பே சூரியன் எழுந்துவிடுவதால் அப்போது இது இயலாது; உதயம் 6:30-ஐத் தாண்டும் சனவரியில், உரிய அனுமதியுடன் சரியாக 6 மணிக்குத் தொடங்கினால், இருளையெல்லாம் விட்டுவிட்டு வெளுப்பிலிருந்தே ஒரு செட்டை அமைக்கலாம்.

முடித்தல்

சூரியன் எழுந்து இரண்டு விரல் உயரம் வந்ததும், பாடலுக்குப் பாடல் நிறம் ஏறிக்கொண்டே போகலாம். இது எளிய பகுதி, கூட்டமே உங்களைத் தூக்கிச் செல்லும். சிலர் கண்மூடி நிற்பார்கள், சிலர் நண்பரைத் தழுவுவார்கள், பலர் புறப்பட்டுவிடுவார்கள். புறப்படுபவர்களைத் தடுக்க ஒரு பெரிய பாடலை எடுக்காதீர்கள். அவர்கள் உங்கள் இசையை வெறுத்துப் போகவில்லை, விடிந்துவிட்டதால் போகிறார்கள். உங்களுக்குப் பின் வேறொருவர் இருந்தால், கடைசிப் பாடலை முழுவதுமாக ஓடவிட்டு, அதன் வெற்றுத் தாளப் பகுதியை அவருக்குக் கொடுங்கள். எவரும் இல்லாவிட்டால் கடைசி மூன்று பாடல்களில் ஒலியைப் படிப்படியாகத் தணித்து, கடைசியாகத் தாளமில்லாத ஒன்றை, பேச்சுக்குரல் கேட்கும் அளவில் விடுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபையரை முதலில் அணைத்து, அதன் பின்னரே மிக்ஸரை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் ஒலிபெருக்கியில் விழும் அந்த ஒற்றை இடி, மூன்று மணி நேர வேலையை ஒரு நொடியில் கலைத்துவிடும். வைனல் கொண்டுவந்திருந்தால், கேபிள்களைச் சுருட்டுவதற்கு முன் தட்டுகளை நிழலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். எட்டு மணி வெயிலுக்கே அவை வளையத் தொடங்கிவிடும்.